மூன்று சந்திப்பிலும் மகன் வாயே திறக்கவில்லை என்றால்

வணக்கம் சகோதரி. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன் தொழில் வழிகாட்டியோடு மூன்று முறை உட்கார்ந்தும் வாயே திறக்கவில்லை, நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள்.

நீங்கள் எழுதியதில் ஒன்று கண்ணில் பட்டது. மூன்று தடவையும் நீங்களும் கூடவே இருந்திருக்கிறீர்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் அந்த வயதுப் பிள்ளை 'சரியான' பதிலைத்தான் தேடும். அடுத்த முறை கதவு திறந்திருக்கட்டும், நீங்கள் வெளியே இருங்கள். நேரம் கேட்டு மின்னஞ்சலையும் அவனே எழுதட்டும். முன்பின் பழகாத பெரியவரிடம் நேரம் கேட்பது, வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்வது, தெரியாததைத் தெரியாது என்பது, இதெல்லாம் எந்தப் பாடத்திலும் வராது. எந்தப் படிப்பு என்ற முடிவைவிட எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

'என்ன ஆகப் போகிறாய்?' என்றால் 16 வயதில் பலருக்கும் பதில் இருக்காது. அவன் வழிகாட்டியிடம் கேள்வி கேட்கட்டும்: 'போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்? எது சலிப்பாக இருந்தது?' முடிந்தால் ஒருநாள் அவருடைய வேலையிடத்தில் கூட இருந்து பார்க்கட்டும்.

வேலை பற்றிய தகவல் நெருங்கியவர்களைவிட லேசாக அறிமுகமானவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். உறவினர்களுக்குத் தெரிந்த தொழில்கள் உங்களுக்கும் ஏற்கெனவே தெரியும். வழிகாட்டி வேறு வட்டத்துக்காரர்.

இன்னும் இரண்டு சந்திப்புக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் வேறு ஆளைக் கேளுங்கள், தவறே இல்லை.