எலுமிச்சை இலைக்குள் ஒரு புழு

அன்புள்ள ஐயா,

சிறு விட்டில்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். எங்கள் வீட்டு எலுமிச்சைத் தளிர்களில் வெள்ளி நிறத்தில் வளைந்து வளைந்து கோடுகள் ஓடுகின்றன. இரவில் வராந்தா விளக்கடியில் அரிசிக் குருணை அளவில் ஒரு பூச்சியும் இருந்தது. அதைப் படமெடுத்துச் செயலியில் தேடினால் ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வருகிறது. இரண்டும் ஒன்றுதானா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

இலையில் இருப்பதை உறுதியாகவே சொல்லலாம். எலுமிச்சைத் தளிர், மேல்தோலில் வெள்ளிப் படலம், அதன் நடுவே விடாமல் ஓடும் எச்சக் கோடு, கடைசியில் மடிந்த இலை விளிம்புக்குள் கூட்டுப்புழு. இவை சேர்ந்திருந்தால் அது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற இலைத்துளைப்பான். கல்கத்தாவில் கிடைத்த மாதிரிகளை வைத்து 1856இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் பெயரிட்டது. 1993இல் ஃப்ளோரிடா வரை போய்விட்டது. இதன் புழு இலையை மெல்வதில்லை. தட்டையான வாயால் தோல் செல்களைக் கீறிச் சாற்றை மட்டும் குடித்தபடி நகர்கிறது. அதனால்தான் அடியில் பச்சை அப்படியே இருக்க, மேலே தோல் மட்டும் வெளுக்கிறது.

தக்காளி இலை என்றால் இவ்வளவு எளிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். அங்கே ஈயின் புழுவும் துளைக்கும், 2014இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட தென் அமெரிக்க விட்டிலான டூட்டா அப்சல்யூட்டாவின் புழுவும் துளைக்கும். இலையைப் பிரித்து லென்ஸில் பார்க்க வேண்டும். கெட்டியான தலை தனியே தெரிந்தால் விட்டில். தலையும் காலும் இல்லையென்றால் ஈ.

விளக்கடிப் பூச்சிக்கு வருகிறேன். செடியை விட்டுப் பிரிந்த சிறு விட்டிலைப் படத்தை மட்டும் வைத்து இனம் வரை சொல்வது பெரும்பாலும் இயலாது. இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர் எட்வர்ட் மெய்ரிக், ஃப்ளெட்சர் என்ற பூச்சியியலாளர் இந்தியாவிலிருந்து அனுப்பியவை உட்பட, பல்லாயிரம் சிறு விட்டில்களுக்குப் பெயர் வைத்தவர். இனப்பெருக்க உறுப்புகளை அறுத்துப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. அவர் பெயரிட்டவற்றைத் தெளிவாகப் பிரித்தறிய, பின்னால் வந்தவர்கள் அவருடைய மாதிரிகளின் வயிற்றுநுனியை அறுத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. சிறகின் நிறம் அவ்வளவு ஏமாற்றும். செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

உங்களுக்கு எளிய வழி உண்டு. விளிம்பு மடிந்த இலைகளைக் காம்போடு பறித்து, டப்பாவில் காகிதத்தின் மேல் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். செடியின் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். செடியின் பெயர் இல்லாத மாதிரி பாதிப் பயன்கூடத் தராது. நான்கு மில்லிமீட்டர் சிறகு விரிப்பும் முன்சிறகு நுனியில் கரும்புள்ளியும் கொண்ட வெள்ளை விட்டில் வெளிவந்தால் உங்கள் படத்தோடு ஒப்பிடுங்கள். விட்டிலுக்குப் பதிலாகக் குட்டிக் குளவியும் வரலாம். துளைப்பானைத் தின்று வளர்வது அது. அப்படி வந்தால் செடிக்கு மருந்தடிக்காமல் எனக்கு உடனே எழுதுங்கள்.