எலாஸ்டிக் கிடைக்கவில்லை, மாஸ்டரும் ஊருக்குப் போய்விட்டார்

(2020 ஜூனில், கொரோனா ஊரடங்கின்போது சென்னையிலிருந்து வந்த கேள்வியும் அன்றைக்கு எழுதிய பதிலும். இதில் வரும் ஊரடங்கு விதி, ரேஷன், வங்கிச் சலுகை எல்லாம் அந்த மாதத்து நிலவரம்.)

கேள்வி: அக்கா, பழைய வண்ணாரப்பேட்டையில் கீழே யூனிட், மேலே வீடு என்று வாடகைக்கு இருக்கிறோம். ஆறு தையல் மெஷின் ஓடியது. இரண்டு பள்ளிகளுக்கு யூனிஃபார்ம் தைப்பதுதான் பிழைப்பு. பிப்ரவரியில் கோடவுன் தெருவில் 1,80,000 ரூபாய்க்குக் கடனில் துணி எடுத்தேன். பள்ளி திறக்கவே இல்லை. ஒடிசாக்காரரான தையல் மாஸ்டரும் அவர் தம்பியும் மே மாதம் ரயில் ஏறிவிட்டார்கள். பக்கத்துத் தெருப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். வங்கியில் முத்ரா கடன் 3 லட்சம் நிற்கிறது. கணவருக்கு ஆட்டோ, ஜூன் தொடக்கத்தில் கொஞ்சம் ஓடியது, இனி அதுவும் இல்லை. கையில் 41,000 ரூபாய். ஜூன் 19 முதல் 30 வரை மறுபடி முழு ஊரடங்கு என்று அறிவித்துவிட்டார்கள். போனில் ஒருவர் 5,000 மாஸ்க் கேட்கிறார்: ஒன்றுக்கு 11 ரூபாய், பணம் 45 நாள் கழித்து. எலாஸ்டிக் எங்கேயும் கிடைக்கவில்லை. இருக்கிற யூனிஃபார்ம் துணியை வெட்டித் தைத்து வைத்துவிடலாம் என்கிறார் கணவர். இரண்டு மாத மளிகையை வாங்கிப் போடு என்கிறார் மாமியார். எதை முதலில் செய்வது? யார் போன் வந்தாலும் எடுக்கப் பயமாக இருக்கிறது.

பி.கு.: மாஸ்டர் ஊரிலிருந்து கூப்பிட்டு, மெஷினுக்கு எண்ணெய் விட்டீங்களா என்று கேட்டார். சம்பளப் பாக்கி 6,200 ரூபாயைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் தங்கச்சி. யார் போனையும் எடுக்கப் பயம் என்கிறீர்கள். ஆனால் மாஸ்க் கேட்டவர் போனை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வருகிற போன்களில் எடுக்காமல் விட்டிருக்கலாம் என்றால் அந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

முதலில் அந்தக் கணக்கையே போட்டுவிடுவோம். 36 இஞ்ச் பன்னா (அகலம்) காட்டனில், இரண்டடுக்கு மாஸ்க் மீட்டருக்குப் பத்து தேறும். 5,000 மாஸ்க்குக்கு 500 மீட்டர். மீட்டர் 40 ரூபாய் என்று வைத்தாலும் 20,000 ஆச்சு. காதுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மாஸ்க்குக்கு 14 இஞ்ச் எலாஸ்டிக் போகும். மொத்தம் கிட்டத்தட்ட 1,800 மீட்டர். மீட்டர் இரண்டரை ரூபாய்க்குக் கிடைத்தால் 4,500. தைக்கிற பெண்களுக்குப் பீஸ் ரேட் இரண்டரை ரூபாய் என்றால் 12,500. ஆக 37,000 ரூபாய். உங்கள் கையில் இருப்பதே 41,000. முகம் தெரியாத ஒருவரை நம்பி, வீட்டில் 4,000 ரூபாயை மிச்சம் வைத்துக்கொண்டு 45 நாள் உட்கார வேண்டும். அவர் நாணயமானவராகவே இருக்கட்டும். அவருக்குப் பணம் தர வேண்டியவர் வீடு இருக்கிற தெருவை நாளைக்குக் கொரோனா என்று தகரம் அடித்து மூடிவிட்டால்?

அதோடு, இந்தப் பன்னிரண்டு நாளில் நீங்கள் துணி எடுக்கக் கோடவுன் தெரு இருக்கிற பாரிமுனைக்குப் போகவும் முடியாது. காய்கறி, மளிகைக் கடைகள் மட்டும் காலை 6 முதல் மதியம் 2 வரை. வாங்கப் போகிறவர்களும் 2 கிலோமீட்டருக்குள், நடந்துதான் போக வேண்டும். துணிக்கடை அந்தப் பட்டியலிலேயே இல்லை. யூனிட்டில் ஆள் வைத்து ஓட்டவும் வழியில்லை. அதனால் அவரைக் கூப்பிட்டு இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, 500 மாஸ்க் தர்றேன், எலாஸ்டிக் கிடையாது, கட்டுற நாடாதான். பாதிப் பணத்தைக் கணக்குல போட்டதும் தைக்க உட்கார்றேன்.” லைனிங்குக்கு வைத்திருக்கும் வெள்ளைக் காட்டன் யூனிட்டில் இருக்குமே, 80 மீட்டர் இருந்தால் நாடாவுக்குக் கிழித்தது போக 500 தாராளமாக வரும். கடைக்கும் போக வேண்டாம், கைக்காசும் போகாது, நீங்கள் ஒருவரே ஒரு மெஷினில் உட்கார்ந்து முடித்துவிடலாம். சரி என்றால் தையுங்கள். “முன்பணமா, அதெல்லாம் வழக்கமில்லையே” என்று இழுத்தால் போனை வைத்துவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கணவர் சொல்வது. நல்ல மனதோடுதான் சொல்கிறார், சும்மா இருக்க முடியாத மனிதர் என்று தெரிகிறது. ஆனால் அந்தத் துணியில் கத்திரியை வைக்க விடாதீர்கள். பள்ளி எப்போது திறக்கும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. பத்தாம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்துவிட்டார்கள். போன வருஷ அளவை வைத்து நீங்கள் வெட்டித் தைத்து அடுக்குவீர்கள். வீட்டிலேயே தின்று தூங்கி எழுகிற பிள்ளைகள் திறக்கிற அன்றைக்கு என்ன சைஸில் வந்து நிற்கும்? வெட்டாத துணிக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது, திருப்பிக் கொடுக்கலாம். வெட்டிவிட்டால் அது அந்தப் பள்ளியைத் தவிர யாருக்கும் ஆகாது.

துணியை இரண்டாகப் பிரியுங்கள். நேவி புளூ, வெள்ளை, சந்தன கலர் என்று எந்தப் பள்ளிக்கும் போகிற பிளெயின் ஒரு பக்கம். அந்தந்தப் பள்ளிக்கென்றே நெய்த கட்டம் போட்டது இன்னொரு பக்கம். பிளெயின் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதிக்கொண்டு, துணிக்கடைக்காரருக்கு நீங்களே போன் போடுங்கள். அவர் போன் வரும்வரை காத்திருக்காதீர்கள். “பிளெயின் இவ்வளவு இருக்கு, மடிப்புக் கலையலை, ரோடு திறந்ததும் திருப்பி அனுப்பறேன். கட்டம் போட்டதுக்குப் பள்ளி திறந்து ரெண்டு மாசம் டைம் கொடுங்க” என்று கேளுங்கள். அவரும் மூன்று மாதமாக வியாபாரம் படுத்துக் கிடக்கிறவர்தான், சத்தம் போடுவார், போடட்டும். கணக்கோடு பேசுகிறவளிடம் போடுகிற சத்தத்துக்கும், போனை எடுக்காதவளைப் பற்றி நாலு பேரிடம் போடுகிற சத்தத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. அடுத்த வருஷமும் அதே தெருவில்தான் நீங்கள் கடன் கேட்டு நிற்க வேண்டும். பள்ளிகளையும் இதே சூட்டில் கூப்பிட்டு, இந்த வருஷம் யூனிஃபார்ம் மாற்றமில்லை என்று வாட்ஸப்பில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். கடைக்காரரிடம் காட்ட உதவும்.

வீட்டுக்காரர். எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. நம் ஊர் வழக்கப்படி பல மாத வாடகையாவது இருக்கும். அதில் ஜூன், ஜூலை இரண்டு மாதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், தொழில் ஓடத் தொடங்கியதும் மாதாமாதம் கொஞ்சமாக நிரப்பிவிடுவதாகச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு விடாமல் வாடகை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படியே கரண்ட் மீட்டரையும் போட்டோ எடுத்து வையுங்கள். ரீடிங் எடுக்க ஆள் வர முடியாத மாதங்களுக்கு முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னதில், யூனிட் பூட்டிக் கிடந்த கணக்கு பின்னால் சரிசெய்யப்படும்போது உங்கள் கையிலும் ஓர் ஆதாரம் இருக்கட்டும்.

வங்கி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ரிசர்வ் வங்கி மார்ச் முதல் மே வரை கொடுத்த தவணை விடுப்பை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்திருக்கிறது. பலரும் இதைத் தள்ளுபடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் 3 லட்சத்துக்கு 12 சதவீதம் என்று வைத்தால், மே முடிவில் 3,09,090 ஆகியிருக்கும். ஆகஸ்ட் முடிவில் 3,18,456. அதாவது இனி வரும் மூன்று மாதத்துக்கு 9,366 ரூபாய் அசலோடு ஏறி, அதற்கும் சேர்த்துப் பின்னால் வட்டி கட்ட வேண்டும். வருமானம் நிற்காமல் வருகிறவர்களுக்கு, கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். மூன்று வருஷத் தவணை மீதி இருந்தால் மாதம் பத்தாயிரத்தை ஒட்டி வரும். மூன்று மாதம் கட்டினால் 41,000-ல் 30,000 போய்விடும். விடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஒரு மாதம் கை கொஞ்சம் இளகினால், அந்த மாத வட்டி மூவாயிரத்துச் சொச்சத்தை மட்டும் கட்டுங்கள்.

இன்னொன்று, இது உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் முத்ரா கடன்காரர்களும் வருகிறார்கள். பிப்ரவரி 29 அன்று நின்ற கடனில் 20 சதவீதம், உங்களுக்கு 60,000 ரூபாய், புதிதாகக் கிடைக்கும். அடமானம் கேட்கக் கூடாது. வங்கியில் வட்டி 9.25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நான்கு வருஷத்தில் அடைக்கலாம், முதல் வருஷம் வட்டி மட்டும் போதும், மாதம் 460 ரூபாய் சுமாருக்கு வரும். பிப்ரவரி முடிய 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். கிளையில் “அப்படி ஒண்ணும் வரலையேம்மா” என்றால் அந்தத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கத்தை, இ.சி.எல்.ஜி.எஸ். (ECLGS) என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள், தெரிந்துவிடும். வந்த பணத்தை அப்படியே துணிக்கடைக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடாதீர்கள். அது மெஷின் மறுபடி ஓடுகிற முதல் மாதக் கூலிக்கு.

வீட்டுச் செலவு, இரண்டு பெண்களுக்குப் பாதிச் சம்பளம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி, 41,000 எத்தனை நாள் வரும் என்று நாளாக எண்ணுங்கள். பாதிச் சம்பளமா என்று தயங்குவீர்கள். கொடுங்கள். மாஸ்டர் திரும்பி வர எத்தனை மாதமோ, அதுவரை உங்கள் யூனிட் என்பது அந்த இரண்டு பேர்தான். அவர்கள் தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். இத்தனை வருஷம் கேட்காதது நம் தப்பு.

மாமியார் சொல்லும் இரண்டு மாத மளிகை. 2015 டிசம்பரில் நான் சைதாப்பேட்டையில் இருந்தேன். மழை பலமாக இருக்கும் என்றதும் அரிசி மட்டும் இரண்டு சிப்பம், ஐம்பது கிலோ, வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த கெட்டிக்காரி நான். ஆற்றுத் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்குள் வந்து முதலில் நனைத்தது அதைத்தான். டார்ச்சில் பேட்டரி இல்லை, கையில் முந்நூறு ரூபாய், கரண்ட் இல்லாமல் ஏ.டி.எம். எதுவும் வேலை செய்யவில்லை, பால் பாக்கெட் நூறு ரூபாய்க்கு விற்றது. அதிலிருந்து எங்கள் வீட்டில் மூட்டை வாங்குவதில்லை.

உங்களுக்கு வேண்டியது பன்னிரண்டு நாள், கூட ஒரு வாரம். அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் ஜூன் வரை அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையில்லாமல் உண்டு. இந்த ஊரடங்குக்கென்று ஆயிரம் ரூபாயும் அறிவித்திருக்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இருந்தால் அதை மட்டும் ஒரு மாதத்துக்கு வாங்குங்கள். சிலிண்டர் பாதிக்குக் கீழே என்றால் இப்போதே புக் பண்ணுங்கள். 21, 28 இரண்டு ஞாயிறும் காய்கறிக்கடைகூடத் திறக்காது, அதற்கு முந்தின நாள் கடைக்குப் போனால் கூட்டத்தில் நசுங்குவீர்கள், வெள்ளிக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். கோயம்பேடு மூடித் திருமழிசைக்குப் போனதிலிருந்து நம் தெருவுக்கு வரும் காய் பாதி வாடித்தான் வருகிறது. கீரையை வாங்கின அன்றைக்கே ஆக்குங்கள், கத்திரிக்காய் அடுத்த நாள், சேனையும் பூசணியும் வாரக் கடைசிக்கு. அப்புறம் சுண்டைக்காய் வத்தல் இருக்கிறது. வடசென்னைக்காரிக்குக் கருவாட்டைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நடக்கிற தூரத்தில் அம்மா உணவகம் இருந்தால், ஒரு வேளை அங்கே வாங்கிச் சாப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நான் வாங்கியிருக்கிறேன், சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது.

மாஸ்டருக்கு வருகிறேன். மூன்று மாதம் ஓடாத மெஷினில் பழைய எண்ணெய் பிசினாகிப் போயிருக்கும். ஆறு மெஷினுக்கும் தூசி தட்டி, பாபின் கேஸைக் கழற்றிப் பஞ்சை எடுத்து, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் நூல் கோக்காமல், வெள்ளைத் துணித் துண்டைக் கொடுத்து, கறை விழுவது நிற்கும்வரை ஓட்டுங்கள். இதை நேராக மாஸ்க் துணியில் செய்துவிடாதீர்கள். முடித்ததும் அவரைக் கூப்பிட்டு, எண்ணெய் விட்டாச்சு என்று சொல்லுங்கள். 6,200 முழுதாக முடியாவிட்டால் 2,000 அன்றைக்கே அவர் கணக்குக்கு அனுப்பிவிட்டு, மீதி எந்தத் தேதிக்கு என்பதையும் அதே போனில் சொல்லிவிடுங்கள்.