ஜன்னலைத் திறந்த கை

வணக்கம்.

ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ் 2025-இல் மறுபடி மோட்டோஜிபி (மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் உச்சப் பிரிவு) உலக சாம்பியன் ஆனதைத் துணிச்சலுக்குக் கிடைத்த வெற்றி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என் நண்பர்களோ, டுகாட்டி என்ற இத்தாலியக் கம்பெனியின் வண்டி கிடைத்தால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம் என்கிறார்கள். பல வருடமாகப் பந்தயம் பார்ப்பவர் நீங்கள். எது சரி?

ச.

அன்புள்ள ச.,

எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. துணிச்சல் அவரிடம் என்றைக்கு இல்லாமல் இருந்தது? அவரைக் கவிழ்த்ததே அதுதான்.

2020 ஜூலை 19, ஸ்பெயினின் ஹெரெஸ் ட்ராக். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் விழுந்து வலது மேற்கை எலும்பு முறிந்தது. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை, எலும்போடு சேர்த்து ஒரு தட்டு. சனிக்கிழமை அதே ட்ராக்கில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தார்! முடியாமல் விலகினார். அப்புறம் சில நாளில், வீட்டில் ஜன்னலைத் திறக்கும்போது தட்டு உடைந்தது. மணிக்கு 300 கிலோமீட்டரில் போகிற மனிதருக்கு அந்தக் கை ஒரு ஜன்னலுக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்டில் இரண்டாவது அறுவை சிகிச்சை, டிசம்பரில் மூன்றாவது, கூடவே கிருமித்தொற்று. எலும்பு ஒருவழியாகக் கூடியது, ஆனால் கோணம் முறுக்கிக்கொண்டு கூடியது. வலது கையில்தான் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2021-இல் மூன்று பந்தயம் ஜெயித்தார். அதில் இரண்டு, ஜெர்மனியின் சாக்சன்ரிங்கும் அமெரிக்காவின் ஆஸ்டினும், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிற ட்ராக்குகள். இடது திருப்பங்கள் அதிகம், வலது தோளுக்குப் பாடு குறைவு. அந்த வருடக் கடைசியில் பார்வை இரட்டையாகத் தெரியும் கோளாறு வேறு. 2022 ஜூனில் அமெரிக்காவில் நான்காவது அறுவை சிகிச்சை. எலும்பை வெட்டி, 30 டிகிரிக்கு மேல் திருப்பி வைத்தார்கள்.

கை சரியானது, வண்டி சரியாகவில்லை. அவருக்கு ஆறு மோட்டோஜிபி பட்டம் தந்த ஹோண்டா அப்போது சரிவில் இருந்தது. 2023 சாக்சன்ரிங் வார இறுதியில் ஐந்து முறை விழுந்தார். அதுவரை மோட்டோஜிபியில் மட்டும் எட்டு முறை அவர் ஜெயித்த ட்ராக் அது. ஞாயிறு பந்தயத்தில் அவர் இறங்கவேயில்லை. என் கணக்கில் மீட்சி தொடங்கியது அந்தக் காலையில்தான்.

அந்த வருடக் கடைசியில், ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே ஹோண்டாவை விட்டார். பல வருடம் கூட நின்ற தலைமை மெக்கானிக்கையும் விட்டுவிட்டு, தம்பி அலெக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த கிரெசினி அணிக்குப் போனார். அது கம்பெனியின் நேரடி அணி இல்லை. கொடுத்ததும் முந்தைய வருடத்து டுகாட்டி. இத்தனை பட்டம் வாங்கியவர் பழைய வண்டிக்குச் சரி என்று தலையாட்டுவது இந்த விளையாட்டில் அபூர்வம். 2024 செப்டம்பரில் ஸ்பெயினின் அரகோனில் ஜெயித்தபோது, முந்தைய வெற்றிக்குப் பிறகு 1,043 நாட்கள் ஓடியிருந்தன.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஹோண்டாவிலேயே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. ஆனால் 2025-இல் டுகாட்டியின் நேரடி அணியில் பக்கத்து இடத்தில் இருந்தவர் பெக்கோ பன்யாயா, 2022, 2023 சாம்பியன். அவர் ஐந்தாவதாக முடித்தார். வண்டி மட்டும் போதும் என்றால் அவருக்கு என்ன ஆனது?

பட்டம் உறுதியானது செப்டம்பர் 28-ஆம் தேதி ஜப்பானின் மோட்டேகியில், அந்த வருடத்தில் இன்னும் ஐந்து பந்தய வார இறுதிகள் மிச்சமிருக்கும்போது. (அந்த ட்ராக் ஹோண்டாவுக்குச் சொந்தம்.) முன்னால் பன்யாயா போய்க்கொண்டிருந்தார். இரண்டாம் இடமே போதும் என்று மார்க்கெஸ் அதிலேயே முடித்தார். பழைய ஆளாக இருந்தால் துரத்தியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த வாரமே இந்தோனேசியாவின் மண்டாலிகாவில் இன்னொரு வீரர் மோதி வலது தோள்பட்டையில் எலும்பு முறிந்தது. பட்டம் கையில் இருந்ததால் அவசரம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அந்த வருடத்தின் மீதி நான்கு பந்தய வார இறுதிகளிலும் அவர் வண்டி ஏறவில்லை.