ஓட்டில் இருக்கும் 1865

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீக வீடு கன்னியாகுமரி மாவட்டம் தோவாளை வட்டத்தில், சானல் (பாசனக் கால்வாய்) பாயும் வயற்பகுதியை ஒட்டி இருக்கிறது. முற்றம் வைத்த ஓட்டு வீடு, நெல் சேமிக்கும் அறைப்புரை, ஆளுயரப் பத்தாயம் (நெல் போடும் மரப்பெட்டி), மாட்டுத் தொழுத்து, களம், பின்னால் தென்னந்தோப்பு, கொஞ்சம் வயல். ஓடுகளில் பாசல் மிஷன் என்றும் 1865 என்றும் ஆங்கிலத்தில் அச்சாகியிருப்பதால் வீட்டுக்கு நூற்றைம்பது வயது தாண்டிவிட்டது. சித்தி இறந்த பிறகு பூட்டிக் கிடக்கிறது. கொத்தனார் சுவரைக் கொத்திவிட்டு சிமெண்டு பூசச் சொல்கிறார், ஓட்டை இறக்கிவிட்டு ஷீட் போடச் சொல்கிறார். பழைய மரம் வாங்குகிற ஒருவர் பத்தாயத்துக்கும் கதவுகளுக்கும் நல்ல விலை பேசுகிறார். தம்பிக்கு விற்றுவிட ஆசை. எனக்கு அருங்காட்சியகம் மாதிரி ஆக்க வேண்டும். அரசாங்கம் எடுத்துப் பாதுகாக்குமா?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த 1865. பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. ஓடு சுட்ட ஆண்டு அல்ல. பல வருடம் கழித்துச் சூளையிலிருந்து வந்த ஓட்டிலும் அதே எண்தான் இருக்கும். நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு இப்படித்தான் வயது கூடியிருக்கிறது. ஆனால் அந்த ஓடு வேறொரு தகவலைச் சொல்கிறது. முதல் உலகப் போரின்போது ஜெர்மன் தொடர்பைக் காரணம் காட்டி அந்த மிஷனின் தொழில்களை ஆங்கில அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே உங்கள் ஓடு பெரும்பாலும் அதற்கு முந்தையது. சுவர் அதைவிடவும் பழையதாக இருக்கலாம். ஓலைக் கூரையோடு கட்டி, கை நிறைந்த ஒரு வருடத்தில் ஓடு மாற்றிய வீடுகள் நிறைய உண்டு.

வயது தெரிய வேண்டுமானால் உத்திரத்தில் ஆண்டு ஏதும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் பெட்டியில் கிடக்கும் ஆதாரங்களை, அதாவது பழைய பத்திரங்களைப் பாருங்கள். கொல்லம் ஆண்டில்தான் எழுதியிருப்பார்கள். அதை ஆங்கில ஆண்டாக்க, தை முதல் ஆடி வரை உள்ள தேதி என்றால் 825 கூட்டுங்கள். ஆவணி முதல் மார்கழி நடு வரை என்றால் 824.

சொல்லப்போனால் 1865 உங்கள் வீட்டுக்கு வேறு வகையில் சொந்தமான ஆண்டாக இருக்கலாம். அப்போது நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு பண்டாரப்பாட்ட விளம்பரம் என்ற அரசு அறிவிப்பை வெளியிட்டது அந்த வருடம்தான். சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதவர்கள் அதன்பிறகு அதை விற்கலாம், வாரிசுக்கு விடலாம் என்று ஆனது. நிலம் கையை விட்டுப் போகாது என்ற தைரியம் வந்த பிறகுதான் பலரும் தேக்கும் அயனியுமாக வீடு கட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். உங்கள் வயல் பண்டாரவகையா, அதாவது சர்க்கார் நிலமாக இருந்ததா என்று பழைய பட்டாவில் பாருங்கள். குடும்பம் மருமக்கள் வழியாக (சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் முறை) இருந்திருந்தால் 1926-க்குப் பிந்தைய பாகப்பிரிவினையையும் தேடுங்கள். குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிவிட்ட நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது அந்த ஆண்டு. அதன்பிறகு எழுதிய பாகப் பத்திரங்களில் எந்த அறை யாருக்கு, கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு, களத்தில் யார் எப்போது சூடடிக்கலாம் என்பது வரைக்கும் இருக்கும். வீட்டின் வரைபடம் வேறெங்கும் கிடைக்காது, அதில் கிடைக்கும்.

ஓலைச்சுவடி ஏதாவது அகப்பட்டால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டில் கிடந்த ஓலைகளைக் கவிமணி தேடிப் போய்ப் படித்ததால்தான் நாஞ்சில் நாட்டு வரி, நில விற்பனை, ஆள் விற்பனை பற்றியெல்லாம் இன்று பேச முடிகிறது. அவையும் ஒரு வேளாண் வீட்டின் கணக்கு வழக்குகள்தான். 75 வருடம் தாண்டிய சுவடி 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டுக்குப் போகக் கூடாது.

அரசாங்கம் எடுத்துக்கொள்ளுமா என்றால், காத்திருக்காதீர்கள். நூறு வருடம் ஆன கட்டடத்தை நினைவுச்சின்னமாக அறிவிக்க 1966-ம் ஆண்டு மாநிலச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் கோயில், கோட்டை, அரண்மனை என்றுதான் அந்தக் கை நீளும். பத்தாயம் வரைக்கும் நீளாது.

சரி, கொத்தனார் விஷயத்துக்கு வருவோம். சிமெண்டு பூசவே பூசாதீர்கள். உங்கள் சுவர் மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தது. நம்மூரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்டு இருந்தால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். இரண்டு மூன்று மழைக்காலத்தில் உப்பு பூத்து, பூச்சு பலகை பலகையாகக் கழன்று, பழைய சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு விழும். சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர் கலந்து பூசத் தெரிந்தவர்கள் கூலி அதிகம் கேட்பார்கள். கொடுங்கள். சுவரை விட்டுவிட்டாலும் பரவாயில்லை, முதலில் கூரையைக் கவனியுங்கள். உடைந்த ஒரு ஓட்டின் வழியாக இறங்கும் தண்ணீர் முதலில் ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டத்தை, பிறகு அதைத் தாங்கும் சாய்வான கழுக்கோலை, கடைசியில் உத்திரத்தைத் தின்னும். இரண்டு சரிவுகள் சேரும் மூலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், இலைச்சருகு அடைவது அங்கேதான். ஷீட் போட்டால் வெக்கையில் யாரும் உள்ளே இருக்க மாட்டார்கள். ஆள் இல்லாத வீட்டில் கரையான் குடியேறும்.

பத்தாயத்தை விற்பது பற்றி. அது நிற்கும் அறைக்குள் வைத்தே பொருத்தப்பட்டிருக்கும். வாசல் வழியாக முழுதாக வெளியே வராது. வாங்குகிறவர் பிரித்துத்தான் கொண்டுபோவார், எங்காவது ரிசார்ட்டில் வரவேற்பு மேசை ஆகும். அறைப்புரை வாசலில் நிரைப் பலகை, அதாவது காடியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி வாசலை அடைக்கும் பலகைகள் இருக்கிறதா? ஒன்றைக் காடியிலிருந்து மேலே தூக்கி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். உளியால் ஒரு கீறல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று என்று ஆசாரி வரிசை போட்டிருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். நெல் இறங்க இறங்க மேலிருந்து ஒவ்வொன்றாக உருவுவார்கள். எத்தனை பலகை மிச்சம் என்று பார்த்தே அடுத்த பூ (நெல் போகம்) வரை சாப்பாடு தாங்குமா என்று வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

இதனால்தான் அருங்காட்சியகம் என்ற யோசனை எனக்கு ஒட்டவில்லை. நெல் இல்லாத பத்தாயத்துக்கு வார்னிஷ் அடித்து, பக்கத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு வைத்து, என்ன காட்டப் போகிறீர்கள்? உங்களிடம் இருப்பது வீடு மட்டுமல்ல. சானலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல், வயலிலிருந்து களம், களத்திலிருந்து அறைப்புரை என்று ஒரு தொடர்ச்சி அறுபடாமல் இருக்கிறது. பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்ததிலிருந்து அந்தத் தண்ணீர்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லையும் காத்தது. வயலை மனை போட்டுவிட்டு வீட்டை மட்டும் காப்பாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை. 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த தேரூர், வேம்பனூர் குளங்களும் மனிதர் வெட்டிய பாசனக் குளங்கள்தான். பறவைக்காகக் குளத்தைக் காக்கிறோம், அது எந்த வயலுக்காக வெட்டப்பட்டதோ அந்த வயலை விற்கிறோம்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் சொல்லவில்லை. மாடு இல்லை என்றால் தொழுத்து போகட்டும், அதன் நல்ல மரத்தைக் கூரைக்கு எடுங்கள். அறுவடை இயந்திரம் வந்த பிறகு களத்துக்கும் பழைய வேலை இல்லை, தேங்காய் உலர்த்த ஆகும். வயலைப் பாட்டத்துக்கு விட்டு, பாட்டத்தில் ஒரு பங்கை நெல்லாகவே வாங்கிப் பத்தாயத்தில் போடுங்கள். வெந்நீர் வைத்து, அடுப்பு எரித்து யாராவது அங்கே குடியிருக்க வேண்டும். வாடகை வராவிட்டாலும் பரவாயில்லை.

தம்பியோடு பேசும்போது மர வியாபாரி சொன்ன விலையை மறைக்காதீர்கள். வருடத்துக்குக் கூரைச் செலவு எவ்வளவு, யார் எவ்வளவு போடுவது என்று எழுதிக்கொண்டு பேசுங்கள். அவர் பங்கை நீங்கள் வாங்கிக்கொள்ள முடியுமானால் அது இன்னும் நல்லது. ஓடு மாற்றும் வேலைக்கு மாசி, பங்குனிதான் தோது, ஆசாரியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.