மேல் பெட்டி தனியாக வரும் மூலை அலமாரிக்கு மர டோவல் போதுமா?

மும்பை செம்பூரில் பழைய கட்டடம், சின்ன லிஃப்ட், ஹால் மூலைக்கு ஆறரை அடி உயர அலமாரி, கீழே மரக்கதவு, மேலே கண்ணாடிக் கதவு. வீடு மாறும்போது மேல் பாதியைக் கழற்ற வேண்டும், அதற்கு மர டோவல் (துளைக்குள் இறங்கும் மர முளை) போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்குவதற்குப் போதும். ஆனாலும் வைக்காதீர்கள்.

டோவல் என்றால் மேல் பெட்டியை அது நீட்டியிருக்கும் உயரத்துக்கு மேல் தூக்கிப் பிடித்து, எல்லா டோவலையும் ஒரே நேரத்தில் துளைக்குள் இறக்க வேண்டும். மூலையில் பின்னால் நின்று தாங்க ஆளுக்கு இடமே கிடையாது. மழைக்காலத்தில் டோவல் உப்பி இறுகிவிட்டால் கழற்றும்போது தரைப்பலகையும் பிளந்துகொண்டு வரும். பெட்டி தன் எடையிலேயே உட்காரட்டும். நகராமல் இருக்க ஒரு விளிம்பு, பிடித்துக்கொள்ள மூன்று போல்ட், அவ்வளவு போதும்.

இதை ஒரே அலமாரியாகக் கட்டி இடுப்பில் பிரிக்க நினைக்காதீர்கள். இரண்டு முழுப் பெட்டிகளாகவே கட்டுங்கள். கீழ்ப் பெட்டிக்குச் சொந்தமாக மேல்பலகை, மேல் பெட்டிக்குச் சொந்தமாகத் தரைப்பலகை. ஒரு பலகையை மிச்சப்படுத்தினால் தூக்கும்போது பெட்டி கோணிக்கொள்ளும், கதவு அப்புறம் பொருந்தாது.

மரம் வாங்குவதற்கு முன் சுவரை அளந்துவிடுங்கள். மூலையிலிருந்து ஒரு சுவரில் 600 மி.மீ, மற்றதில் 800 மி.மீ குறித்தால், குறுக்களவு 1000 வர வேண்டும். 1008 வந்தால் மூலை ஏறக்குறைய ஒரு பாகை விரிந்திருக்கிறது என்று அர்த்தம். செங்கோணமாகச் செய்த பெட்டியை அதில் தள்ளினால் சுவரோரங்களில் மொத்தம் 10 மி.மீ இடைவெளி தெரியும். 1000-க்குக் குறைந்தால் கவலை இல்லை, இடைவெளி பின்னால் மறைந்துவிடும். விரிந்த மூலையாக இருந்தால் பக்கப்பட்டிகளை (சுவரோரத்திலிருந்து முன்னே வரும் குறும்பட்டிகளை) சுவர்ப்பக்கம் 10 மி.மீ கூடுதலாக விட்டு, நிறுத்தும்போது சுவரின் வளைவுக்கு ஏற்ப இழைத்துக்கொள்ளலாம். சரியான மூலையிலும் பூச்சு உள்ளே திரண்டிருக்கும், அதனால் பெட்டியின் பின்மூலையை எப்போதும் சற்றுச் சாய்த்து வெட்டிவிடுங்கள். தரை ஓரத்து ஸ்கர்ட்டிங் டைலுக்கும் கீழே இடம் விட வேண்டும்.

கீழ்ப் பெட்டியின் அளவு: சுவரோரம் இருபக்கமும் 600, அங்கிருந்து முன்னோக்கி 120 பக்கப்பட்டி, முகப்பு 679 மி.மீ. மேல் பெட்டியைச் சுற்றிலும் 20 மி.மீ உள்வாங்கி வைக்கிறோம். நிறையப் பேர் இந்தக் கணக்கில்தான் சறுக்குகிறார்கள். 600-ஐ 580 ஆக்குவது சரி. 120-ஐ 100 ஆக்கினால் முகப்பில் மட்டும் 28 மி.மீ உள்ளே போய்விடும், ஏனென்றால் முகப்பு 45 பாகையில் ஓடுகிறது. சரியான அளவு 112, முகப்பு 662. கணக்குப் போடுவதைவிட, தடித்த அட்டையில் கீழ்ப் பெட்டியை முழு அளவில் வரைந்து, பக்கப்பட்டிகளுக்கும் முகப்புக்கும் 20 மி.மீ உள்ளே இணைகோடு போட்டு அளவெடுப்பது நல்லது.

பலகைகளுக்கு 18 மி.மீ பிளைவுட் ஒரு ஷீட். எட்டுக்கு நாலடி ஷீட்டில் 600 மி.மீ சதுரங்கள் சரியாக எட்டு விழும். மேல், கீழ்ப் பலகைகள் நான்கு, தட்டுகள் நான்கு. பின்பக்கத்துக்கு 12 மி.மீ ஒரு ஷீட். மேலும் கீழும் உள்ள பலகைகளுக்கு நடுவே நிற்பதால் பின்பலகைகளின் உயரம் கீழ்ப் பெட்டிக்கு 744, மேல் பெட்டிக்கு 1164. அகலம் ஒன்று 600, இன்னொன்று 588. மேல் பெட்டியில் 580, 568. இரண்டையும் 600 என்று வெட்டினால் ஒரு பக்கம் 12 மி.மீ துருத்தும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பிளைவுட்டே வாங்குங்கள், மும்பை ஈரத்துக்குச் சாதாரண ரகம் தாங்காது. பக்கப்பட்டி, முகப்புச் சட்டம், கதவுச் சட்டம் எல்லாவற்றுக்கும் சேதாரம் சேர்த்து ஒன்றரை கன அடி தேக்கு பிடிக்கும். ரே ரோடு மர மார்க்கெட்டில் சி.பி. தேக்கு (மத்திய இந்தியத் தேக்கு) என்று கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வாங்கினால் உடனே வெட்டாமல் சில வாரம் வீட்டுக்குள் அடுக்கிக் காயவிடுங்கள்.

பக்கப்பட்டியும் முகப்புச் சட்டமும் சேரும் கோணம் 135 பாகை. ஆகவே இரண்டின் விளிம்பையும் 22.5 பாகையில் சாய்த்து அறுக்க வேண்டும். இந்த மூட்டுக்கு கிளாம்ப் பிடிப்பது பெரிய தலைவலி. பிடிக்காமலே முடிக்கலாம்: இரண்டு துண்டையும் நல்ல முகம் மேலே இருக்கப் பக்கத்தில் பக்கம் வைத்து, மூட்டின் மேல் அகல டேப்பை இறுக்கி ஒட்டுங்கள். பிறகு கவிழ்த்து, பள்ளத்தில் ஃபெவிகால் தடவி மடித்தால் டேப்பே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கோணம் காயும்வரை அசையாமல் இருக்க ஒரு பலகைத் துண்டை 135-க்கு வெட்டி உள்ளே முட்டுக் கொடுத்துவிடுங்கள்.

முகப்பில் இருபுறமும் 50 மி.மீ சட்டம் போனால் கீழே கதவு ஒவ்வொன்றும் 286, மேலே 278. கீழ்க்கதவை ஒரே தேக்குப் பலகையாகப் போட ஆசைப்படாதீர்கள். அந்த அகலத்துக்கு மழையில் சுமார் 2 மி.மீ உப்பும், நீங்கள் விட்ட இடைவெளியே அவ்வளவுதான். சட்டம் அடித்து நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (பள்ளத்துக்குள்) பசையில்லாமல் விடுங்கள். கீல் பித்தளையில் இருக்கட்டும், ஸ்க்ரூவும் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். சாதா இரும்பு ஸ்க்ரூ ஈரத்தில் தேக்கைக் கறுக்கச் செய்யும்.

இப்போது இணைப்பு. கீழ்ப் பெட்டியின் மேல்பலகை ஓரத்தில், முகப்பிலும் இரு பக்கப்பட்டிகளிலும், 19 மி.மீ அகலம், 12 மி.மீ உயரத் தேக்குப் பட்டியை ஒட்டுங்கள். மேல் பெட்டி இதற்கு உள்ளே 1 மி.மீ தளர்வோடு உட்காரும், சேரும் கோடு வெளியே தெரியாது. பட்டி கீழ்ப் பெட்டிக்கு மட்டுமே சொந்தம். ஆட்டம் இருக்கக் கூடாது என்று மிஸ்திரி பழக்கத்தில் மேல் பெட்டிக்கும் சேர்த்து நாலு சிறு ஆணி அடித்துவிடுவார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

போல்ட் எம்6 (6 மி.மீ தடிமன்), 40 மி.மீ நீளம், மூன்று. ஒன்று பின்மூலைக்கு அருகே, மற்ற இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக. கீழ்ப் பெட்டி மேல்பலகையில் 8 மி.மீ துளையிட்டு அடியிலிருந்து டீ நட் (மரத்தில் பதியும் பல் வைத்த நட்) அடியுங்கள். மேல் பெட்டித் தரைப்பலகையில் துளை 9 மி.மீ இருக்கட்டும், சுவர் செங்குத்தாக இல்லாவிட்டால் பெட்டியைச் சற்று நகர்த்திக்கொள்ளலாம். பெரிய வாஷர் போடுங்கள். ஸ்க்ரூ வைத்தால் இரண்டு மூன்று தடவை கழற்றியதும் பிளைவுட்டில் பிடிப்பு போய்விடும்.

பாலிஷ் இரண்டு பெட்டிக்கும் தனித்தனியாக. அடுக்கி வைத்து மெலமைன் அடித்தால் இடுக்கில் இறங்கி ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது ஓரம் பெயர்ந்து வரும். சேரும் பரப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். பின்பக்கத்துக்கும் இரண்டு கோட் கட்டாயம் வேண்டும். வெளிச்சுவரிலிருந்து வரும் ஈரத்தை மூடாத பிளைவுட் உறிஞ்சி வளையும்.

நிறுத்தும்போது கீழ்ப் பெட்டியை ரசமட்டம் வைத்து, முட்டுக்கட்டை கொடுத்துச் சமப்படுத்திய பிறகுதான் மேல் பெட்டி ஏற வேண்டும். தட்டும் கதவும் எடுத்துவிட்டால் அது சுமார் 25 கிலோதான், இருவர் போதும். போல்ட்டை முதலில் விரலால் மூன்றையும் பிடிக்க வைத்து, அப்புறம் முறுக்குங்கள். கடைசியாக, மேல் பெட்டியின் உச்சியில், கார்னிஸுக்கு (உச்சி அலங்கார விளிம்புக்கு) பின்னால், இரு சுவரிலும் ஒவ்வொரு எல் பிராக்கெட். கண்ணாடிக் கதவு இரண்டும் திறந்திருக்கும்போது எடை முன்னால் சாயும், போல்ட்டை மட்டும் நம்பி விடக் கூடாது. பழைய கட்டடத்துப் பூச்சு 20, 25 மி.மீ இருக்கும், அதில் மாட்டிய பிளக் உதிர்ந்துவிடும். துளை செங்கல்லுக்குள் போகும்படி 65 மி.மீ ஸ்க்ரூ வாங்குங்கள்.