பிரிட்டன் பல்கலைக்கழகப் படிவத்தில் இனம், மதம் எல்லாம் ஏன் கேட்கிறார்கள்?

அந்தப் பகுதிக்குப் பெயர் சமத்துவக் கண்காணிப்பு. யார் விண்ணப்பிக்கிறார்கள், யாருக்கு இடமோ வேலையோ கிடைக்கிறது, யார் பாதியில் நிற்கிறார்கள், யாருக்குப் பதவி உயர்வு வருகிறது என்று குழுவாரியாக எண்ணிப் பார்ப்பது.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2010 சமத்துவச் சட்டம் வயது, பாலினம், இனம், மதம், மாற்றுத்திறன் உட்பட 9 அடையாளங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. (வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள்.) பாகுபாடு காட்டாமல் இருந்தால் மட்டும் போதாது, சம வாய்ப்பை வளர்ப்பதிலும் உரிய கவனம் வேண்டும் என்று பொது நிறுவனங்களுக்கு அது கடமை விதிக்கிறது. எண்ணாமல் எங்கே இடறுகிறது என்று எப்படித் தெரியும்?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐநூறு இலை விழுந்தது என்று சமையல்காரர் சொல்லலாம். கடைசிப் பந்திக்குப் பாயசம் போனதா என்று பந்தி பந்தியாகக் கேட்டால்தான் தெரியும். பிரிட்டனில் விரிவுரையாளர்களில் பெண்கள் ஏறக்குறையப் பாதி. பேராசிரியர் நிலைக்குப் போனால் எண்ணிக்கை சட்டென்று சரிகிறது. மொத்தக் கணக்கு இதைக் காட்டாது.

வேலை விண்ணப்பத்தில் இந்தத் தாளை வழக்கமாகத் தனியே பிரித்துவிடுவார்கள். தேர்வுக் குழு பார்க்காது. ‘சொல்ல விரும்பவில்லை’ என்றும் குறிக்கலாம். ஆனால் பலர் அப்படிக் குறித்தால் கணக்கே பயனற்றுப்போகும், என்னைக் கேட்டால் நிரப்புவதே நல்லது.

நம்மவர்கள் பலர் இதை இட ஒதுக்கீடு என்று நினைக்கிறார்கள். அது இல்லை, இன அடிப்படையில் இடங்களை ஒதுக்கிவைக்க அந்தச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை.