தோட்டம் கேள்வி பதில்: மரமல்லி எப்போது பூக்கும்?

கேள்வி: நாலு வருடம் முன்பு நர்சரியில் வாங்கி வைத்த மரமல்லி மொட்டை மாடியை எட்டிவிட்டது, இன்னும் ஒரு பூ கூட இல்லை. எதிர்வீட்டு மரம் கார்த்திகை பிறந்தால் தெருவையே மணக்க வைக்கிறது. சுவரிலிருந்து ஐந்தடி தள்ளித்தான் வைத்திருக்கிறோம். உரம் போதவில்லையா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உரத்தில் குறை இல்லை, மரத்துக்கு இன்னும் வயது வரவில்லை. மரமல்லி பூக்க ஆறு முதல் எட்டு வருடம் ஆகும். அவசரப்பட்டு யூரியா போட்டால் இலைதான் கொழுக்கும். நல்ல வெயில் விழுந்தால் போதும்.

எனக்குக் கவலை அந்த ஐந்தடிதான். அறுபது அடிக்கு நெட்டையாக வளரும் மரம், ஆனால் கட்டை வலுவில்லை, வேரும் ஆழமாகப் போகாது. 2016 டிசம்பர் 12, வர்தா புயலன்று எங்கள் வீட்டு மரமல்லி இடுப்பளவு உயரத்தில் சடாரென்று முறிந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது, ஆள் யாரும் அங்கே இல்லாதது எங்கள் புண்ணியம். மறுநாள் பட்டையைத் தொட்டுப் பார்த்தேன், தக்கை மாதிரி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது.

நாலு வருட மரத்தைப் பெயர்த்து நடமுடியாது. அதனால் ஒன்று செய்யுங்கள். மரத்தைச் சுற்றி வேரிலிருந்து கன்றுகள் முளைக்கும், ஐப்பசி மழை தொடங்கியதும் அதில் ஒன்றை வேரோடு வெட்டி எடுத்து வீட்டிலிருந்து இருபது இருபத்தைந்து அடி தள்ளி நட்டுவிடுங்கள். நம் ஊரில் இது விதை பிடிப்பதே அபூர்வம், பக்கக் கன்றுதான் வழி. புயலில் போன எங்கள் மரத்தின் வேரிலிருந்து வந்த கன்றைத்தான் பின்கட்டில் வைத்தேன், ஏழாவது வருடம் பூத்தது. அதுவரை பழைய மரத்தை உயரம் விடாமல் தை, மாசியில் கழித்துவிடுங்கள். பூங்கொத்து கிளை நுனியில்தான் வரும் என்பதால் புரட்டாசியில் வெட்டினால் அந்த வருடப் பூ போச்சு. புதியது பூத்ததும், மனசு கேட்காது, ஆனாலும் சுவரோரத்து மரத்தை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கீழே விழுந்த மரமல்லிப் பூ மதியத்துக்குள் வதங்கிவிடுகிறதே, என்ன செய்வது?
– வாசகர், விழுப்புரம்

பதில்: இது ராத்திரிப் பூ. நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சிக்காக இருட்டில் விரிந்து, விடியும்போது உதிர்கிறது, வெயில் ஏறினால் தாங்காது. இரவே மரத்தடியில் பழைய புடவை ஒன்றை விரித்துவிட்டு, விடிந்ததும் மண் ஒட்டாமல் அள்ளி ஈரத்துணியில் வையுங்கள். அப்புறம், தொடுக்க நாரும் ஊசியும் தேடவேண்டாம். விரல் நீளத்துக்குக் காம்பு மாதிரி இருக்கிறதே அந்தக் குழல், அதையே ஒன்றோடொன்று சடை போல மடித்துப் பின்னினால் சரமாகிவிடும். வீட்டுப் பிள்ளைகளிடம் ஒருமுறை காட்டிக்கொடுங்கள், மார்கழி முழுக்க அவர்களே பின்னிவிடுவார்கள்.